அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளும் புரோஸ்டேட் கேன்சர் ஆராய்ச்சியும்: இந்த டேட்டாவை எவ்வளவு நம்பலாம்?

கணக்கு_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் முதுகலை படிக்கிறேன். அடுத்த வாரம் ஜர்னல் கிளப்பில் (ஆய்வுக் கட்டுரையை எடுத்து விவாதிக்கும் வகுப்பு) என் முறை. புரோஸ்டேட் கேன்சரில் அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் உள்ள உயிர்பிழைப்பு வித்தியாசம் பற்றிப் பேச வேண்டும். தேடத் தேட வருகிற கட்டுரைகளில் பாதிக்கு மேல் எங்கோ ஓரிடத்தில் ராணுவம் வந்துவிடுகிறது. ஒன்று வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையிலிருந்து, இன்னொன்று முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலிருந்து, மூன்றாவது ஏதோ ஒரு சாதாரணப் பல்கலைக்கழகம் என்று நிம்மதியாகத் திறந்தால் கடைசியில் நிதி கொடுத்தது பாதுகாப்புத் துறை என்று இருக்கிறது.

60 வயதை ஒட்டி வருகிற நோய்க்கு, 20 வயதுப் பையன்கள் நிறைந்த ராணுவம் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறது? அப்புறம், ராணுவத்தில் எடுத்த டேட்டா வெளியே இருக்கிற மக்களுக்குப் பொருந்துமா? எங்கள் பேராசிரியர் கேட்கப்போகிற முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். "சாம்பிள் பெரியது சார்" என்று சொன்னால் அங்கேயே உட்காரச் சொல்லிவிடுவார்.

பொட்டோமாக்_ஓரம்:

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள், பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது. (நான் மேரிலாந்தில் மருத்துவ டேட்டா வேலையில் இருக்கிறேன், ராணுவத்தில் இல்லை.) அங்கே இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. பாதுகாப்புத் துறையின் கீழ் இருப்பது ராணுவ சுகாதார அமைப்பு. இப்போது பணியில் இருப்பவர்கள், அவர்கள் குடும்பம், 20 வருடம் முடித்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் குடும்பம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 95 லட்சம் பேர். மற்றது முன்னாள் படைவீரர் நலத் துறை. அதற்குத் தனி அமைச்சர், தனி மருத்துவமனைகள், பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 90 லட்சம் பேர். இரண்டு வருடம் பணியில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கூட இரண்டாவதற்குப் போகலாம், முதலாவதற்குப் போக முடியாது.

20 வயதுப் பையன்கள் கேள்விக்குப் பதில் இந்த ஓய்வு பெற்றவர்கள்தான். 18 வயதில் சேர்ந்து 38 வயதில் வெளியே வந்தவர் அதற்குப் பிறகும் அதே ராணுவ மருத்துவமனைக்கே வரலாம். 65 வயதில் அவருக்கு பிஎஸ்ஏ (புரோஸ்டேட் கோளாறைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறினால் அங்கேயே பார்க்கவும் வாய்ப்பு உண்டு. பெரிய தலைகளையே எடுத்துக்கொள்: வளைகுடாப் போர் தளபதி ஷ்வார்ஸ்காஃப் 1994-இல், வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவல் 2003-இல், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில், மூன்று பேருக்கும் புரோஸ்டேட் அறுவைசிகிச்சை நடந்தது வால்டர் ரீடில். ஆஸ்டின் அதை அதிபரிடம்கூடச் சொல்லாமல் மறைத்து, ஜனவரியில் தொற்று வந்து ஐசியூவில் படுத்தபோது பெரிய ரகளை ஆனது நினைவிருக்கும். ஆண்கள் இந்த நோயைப் பற்றி எப்படி வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

1991-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி புரோஸ்டேட் நோய் ஆராய்ச்சி மையம் ஒன்றை ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஆரம்பித்தது. வால்டர் ரீடின் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப்பாதை, புரோஸ்டேட் டாக்டர்) டேவிட் மெக்லாய்ட் அதன் பின்னால் நின்றவர். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை என்னவென்றால், கேன்சர் உறுதியானவர்களை மட்டும் இல்லாமல், சந்தேகத்தில் பயாப்ஸி செய்துகொண்டவர்களையும் சம்மதம் வாங்கிப் பதிவில் சேர்த்தது. வால்டர் ரீட், சான் டியேகோ கடற்படை மருத்துவமனை, வாஷிங்டன் மாநிலத்தின் மாடிகன் என்று பல இடங்களிலிருந்து ஒரே பதிவேட்டுக்கு விவரம் வரும். அறுவைசிகிச்சையில் எடுத்த திசுவும் சேமிப்பில் போகும். ராணுவக்காரர் ஊர் ஊராக மாற்றலாகிப் போனாலும் ரெக்கார்டு அமைப்புக்குள்ளேயே இருப்பதால் பின்தொடர்வது சுலபம். வெளியே காப்பீட்டு கம்பெனி மாறினாலே நோயாளி உன் டேட்டாவிலிருந்து காணாமல் போய்விடுவார்.

அந்தத் திசுக்களிலிருந்து என்ன கிடைத்தது என்று கேட்டால் ஈஆர்ஜி மரபணுவைச் சொல்வேன். 2005-இல் இந்த மையத்துக்காரர்கள் புரோஸ்டேட் கட்டிகளில் அது மிகையாக வேலை செய்வதைக் காட்டினார்கள். அதே வருடம் மிச்சிகனில் அருள் சின்னையன் குழு, அது ஏன் மிகையாகிறது என்பதைக் கண்டுபிடித்தது: ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட வேறொரு மரபணுவோடு இது உடைந்து ஒட்டிக்கொள்கிறது. வெள்ளையர்களின் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இது இருக்கிறது, கறுப்பினத்தவரிடம் கணிசமாகக் குறைவு, ஆசியர்களிடமும் குறைவு. உன் தலைப்புக்கு இது நேரடியாகத் தேவைப்படும், ஏனென்றால் "வித்தியாசம் உடம்பிலா, மருத்துவமனை வாசலிலா" என்ற சண்டையில் உடம்பு பக்கத்து ஆட்கள் முதலில் எடுத்து வீசுவது இதைத்தான்.

காசு_எங்கே:

நிதி விஷயத்தை நான் சொல்கிறேன். அது மருத்துவமே இல்லை, சுத்தமான அரசியல்.

90-களின் தொடக்கத்தில் அமெரிக்க பட்ஜெட்டில் ராணுவச் செலவுக்கும் உள்நாட்டுச் செலவுக்கும் நடுவே சட்டப்படி ஒரு சுவர் இருந்தது. ராணுவப் பணத்தை எடுத்து சுகாதாரத் துறைக்குத் தர முடியாது. அப்போது மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் தெருவில் இறங்கி ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் பெரிய போராட்டமே நடத்தினார்கள். சுவரைத் தாண்ட முடியாது, சரி, பணத்தை ராணுவ பட்ஜெட்டுக்குள்ளேயே வைத்துவிடுவோம் என்று 1993 நிதியாண்டுக்கு 21 கோடி டாலரைப் பாதுகாப்புத் துறையிலேயே மார்பகப் புற்றுநோய்க்கு ஒதுக்கினார்கள். வழி திறந்துவிட்டது அல்லவா, 1997-இல் 4.5 கோடி டாலரோடு புரோஸ்டேட் கேன்சருக்கும் ஒரு திட்டம் வந்தது. கார்த்தி பார்த்த அந்த மூன்றாவது கட்டுரை இந்த ரகம்தான். நோயாளியும் சிவிலியன், டாக்டரும் சிவிலியன், காசு மட்டும் பென்டகன்.

இதில் எனக்குப் பிடித்தது, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் விஞ்ஞானிகளோடு நோய் வந்து பிழைத்தவர்களும் ஓட்டுரிமையோடு உட்காருவார்கள். எலிக்கு இது வேலை செய்யும் என்று பத்துப் பக்கம் எழுதினவரிடம் "சரி, எனக்கு இது எப்போது வரும்" என்று கேட்க ஒரு ஆள் அறைக்குள் இருக்கிறார். பிடிக்காதது, ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றம் புதிதாக ஒதுக்கினால்தான் உண்டு.

ஸ்லைடு_சுமதி:

பேத்தாலஜிஸ்டாக (திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்கிறவள்) என் பங்குக்கு. நம் ஊரில் மதுரையிலோ கோவையிலோ ஒருவர் பயாப்ஸி ரிப்போர்ட்டை கையில் வைத்துக்கொண்டு "கிளீசன் 7 என்று போட்டிருக்கிறார்களே, என்னம்மா அர்த்தம்" என்று கேட்கிறாரே, அந்த எண் பிறந்த இடமே முன்னாள் படைவீரர் மருத்துவமனைதான். டொனால்ட் கிளீசன் மினியாபொலிஸில் இருந்த அந்த மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்ட். 1960-இல் படைவீரர் மருத்துவமனைகளின் யூராலஜி துறைகள் ஒன்றாகச் சேர்ந்து புரோஸ்டேட் கேன்சர் சிகிச்சைகளை முறையாக ஒப்பிட ஆரம்பித்தன. அதற்கு வந்த ஸ்லைடுகளை இவர் பார்த்தார். தனித்தனி செல்லை உற்றுப் பார்க்காமல், குறைந்த உருப்பெருக்கத்தில் சுரப்பிகள் எந்த அமைப்பில் நிற்கின்றன என்று மட்டும் பார்த்து 1 முதல் 5 வரை வகைப்படுத்தினார். அதிகமாகத் தெரிகிற இரண்டு அமைப்புகளின் எண்ணைக் கூட்டினால் ஸ்கோர். 1966-இல் வெளியிட்டார். இவ்வளவு எளிமையான ஒன்று அறுபது வருடமாக நிற்பதற்குக் காரணம், அந்த ஸ்லைடுகளுக்குச் சொந்தமானவர்கள் ஒவ்வொருவரும் பின்னால் என்ன ஆனார்கள் என்பது தெரிந்திருந்தது. எத்தனை பேர் எப்போது இறந்தார்கள் என்ற கணக்கு இல்லாவிட்டால் அது வெறும் படம் வரையும் வேலை.

(பிறகு 2005, 2014 என்று திருத்தங்கள் வந்தன. இன்று பயாப்ஸியில் நடைமுறையில் 6-க்குக் கீழே யாரும் போடுவதில்லை. இது தெரியாமல் 6-ஐ 10-க்கு 6 என்று படித்துவிட்டு அழுகிற நோயாளிகளை நிறையப் பார்த்தாயிற்று. 6 என்பதுதான் இருப்பதிலேயே சாதுவானது.)

அதே கூட்டமைப்பின் இன்னொரு கண்டுபிடிப்பு இன்னும் முக்கியம் என்பேன். அந்தக் காலத்தில் பரவிய புரோஸ்டேட் கேன்சருக்கு ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, தினம் 5 மில்லிகிராம். கேன்சர் அடங்கியது என்று எல்லோருக்கும் சந்தோஷம். இவர்கள் சீட்டுக் குலுக்கல் போல நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கேன்சரில் சாகிறவர்கள் குறைந்தார்கள், அந்த இடத்தை இதயநோயும் ரத்தக்கட்டியும் நிரப்பிவிட்டன. கேன்சர் சாவை மட்டும் எண்ணியிருந்தால் அந்த மாத்திரை இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். கார்த்தி, உங்கள் துறைக்காரர்கள் இதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டும்.

மாற்று எங்கிருந்து வந்தது தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ் படைவீரர் மருத்துவமனையில் வேலை பார்த்த ஆண்ட்ரூ ஷாலி, மூளையிலிருந்து ஆண் ஹார்மோனை இயக்குகிற எல்எச்ஆர்எச் என்ற ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். இன்று நம் ஊர் ஆன்காலஜி வார்டுகளில் ஆண் ஹார்மோனை அடக்கப் போடும் லூப்ரோலைடு ஊசி அந்த வழியில் வந்தது. 1977-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதே வருடம் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோசலின் யாலோ நியூயார்க் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனைக்காரர். ரத்தத்தில் துளியூண்டு இருக்கிற பொருளையும் ஆன்டிபாடி வைத்து அளக்கும் முறை அவருடையது, பிஎஸ்ஏ டெஸ்ட் அந்தப் பரம்பரைதான்.

கணக்கு_கார்த்தி:

சுமதி மேடம், ஸ்டில்பெஸ்ட்ரால் கதையைக் கண்டிப்பாகச் சொல்லப்போகிறேன். ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. நான் பேசப்போகிற கட்டுரையின் முடிவு இதுதான்: படைவீரர் மருத்துவமனைகளில் 60,000 பேரைப் பார்த்ததில் 10 வருடத்தில் புரோஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் கறுப்பினத்தவரில் 4.4 சதவீதம், வெள்ளையரில் 5.1 சதவீதம். வெளியே கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறக்கும் வீதம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்தால் வித்தியாசம் மறைந்துவிடும் என்று முடிக்கலாமா?

சந்தேகப்_புள்ளி:

முடிக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு வருகிற அடியை வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

அந்த 4.4-உம் 5.1-உம் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நடப்பது. வெளியே சொல்கிற 2 மடங்கு மொத்த மக்கள்தொகையில் சாவு வீதம். இரண்டுக்கும் பகுதி எண்ணே (எத்தனை பேரில் என்ற எண்) வேறு. 2022-இல் அதே படைவீரர் அமைப்பில் ஏறக்குறைய 79 லட்சம் ஆண்களை வைத்து வந்த ஆய்வு என்ன சொல்கிறது என்றால், கறுப்பினத்தவருக்கு நோய் கண்டுபிடிக்கப்படுவதே கிட்டத்தட்ட 2 மடங்கு, கண்டுபிடிக்கும்போதே பரவியிருப்பதும் கிட்டத்தட்ட 2 மடங்கு. ஆக, கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிற இடத்திலும் நோய் வருவதில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது. நோய் வந்த பிறகு பிழைப்பதில் உள்ள இடைவெளிதான் போகிறது. இந்த இரண்டு வாக்கியத்தையும் பிரித்துச் சொன்னால் உங்கள் பேராசிரியர் பாதி வழிக்கு வந்துவிடுவார்.

அடுத்து, பொட்டோமாக் அண்ணன் சொன்ன இரண்டு அமைப்புகளும் எதிரெதிர் திசையில் சாய்ந்தவை. பணியில் இருக்கும் ராணுவத்தினர் உடல் தகுதி பார்த்து எடுக்கப்பட்டவர்கள், அதனால் சராசரியைவிட ஆரோக்கியமானவர்கள். படைவீரர் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் சராசரியைவிட வயதும் வறுமையும் சிகரெட்டும் மற்ற வியாதிகளும் அதிகம் உள்ளவர்கள். இரண்டையும் "ராணுவ டேட்டா" என்று ஒரே ஸ்லைடில் போடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் தேடினால் கிடைக்கும் என்ற பிரச்சினை. 2023-இல் பென்டகன் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 1992 முதல் 2017 வரை விமானங்களில் பறந்தவர்கள், தரையில் அவற்றைப் பராமரித்தவர்கள் என்று ஏறக்குறைய 9 லட்சம் பேரைப் பார்த்தது. பறந்தவர்களுக்குப் பொதுமக்களைவிடப் புரோஸ்டேட் கேன்சர் 16 சதவீதம் அதிகம். உடனே செய்திகளில் ரேடார், எரிபொருள், கதிர்வீச்சு என்று கிளம்பிவிட்டார்கள். இருக்கலாம், தோல் மெலனோமா (ஒரு வகைத் தோல் கேன்சர்) 87 சதவீதம் அதிகம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் விமானியை ராணுவம் சும்மா விடுவதில்லை, அடிக்கடி மருத்துவப் பரிசோதனை, ரத்தம் எடுக்கக் காசும் கேட்பதில்லை. புரோஸ்டேட் கேன்சர் மாதிரி வயதான ஆண்கள் பலரிடம் தூங்கிக்கொண்டே கிடக்கிற நோயில் இப்படிப் பார்த்தால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அதே ஆய்வில் பறந்தவர்களின் கேன்சர் சாவு பொதுமக்களைவிடக் குறைவு என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் படியுங்கள்.

இதற்கு நேர்மாறான நல்ல பக்கம் ஒன்று இருக்கிறது. படைவீரர் மருத்துவமனை டாக்டர்களுக்கு மாதச் சம்பளம், ஒரு ஆபரேஷன் கூடச் செய்தால் கூடுதல் வருமானம் கிடையாது. அங்கே 65 வயதுக்கு உட்பட்ட குறைந்த அபாய நோயாளிகளில் உடனே வெட்டாமல் கண்காணிப்பில் விடப்பட்டவர்கள் 2005-இல் 27 சதவீதம், 2015-இல் 72 சதவீதம். வெளியே அந்த வேகத்தில் மாறவில்லை. சம்பள முறைதான் காரணம் என்று நிரூபணம் இல்லை, என் ஊகம்.

அந்த மாற்றத்துக்கு ஒரு காரணமான பிவட் என்ற சோதனையும் படைவீரர் மருத்துவமனைக்காரர்களுடையதுதான். 731 பேர், பாதிப் பேருக்கு அறுவைசிகிச்சை, பாதிப் பேரைக் கவனித்தபடி விட்டார்கள். 2012-இல் முடிவு: ஏறக்குறைய 10 வருடத்தில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 47 சதவீதம், 49.9 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. அந்த எண்ணை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பேர் 10 வருடத்தில் போய்விட்டார்கள், புரோஸ்டேட் கேன்சரிலோ அதன் சிகிச்சையிலோ போனவர்கள் 5.8-உம் 8.4-உம்தான். மற்ற எல்லோரையும் வேறு வியாதி கொண்டுபோனது. 60 வயதில் நன்றாக நடமாடுகிற ஆளுக்கு இந்த முடிவை அப்படியே தூக்கிக் கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்வி. தகுதியான 5,023 பேரைக் கேட்டு அதில் சம்மதித்தவர்கள்தான் இந்த 731. யார் சம்மதித்தார்கள் என்பதே தனி விவாதம்.

திண்டிவனம்_தினா:

நடுவில் வருகிறேன். வியட்நாம் போரில் அமெரிக்கா தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் புரோஸ்டேட் கேன்சர் வருகிறது என்று அமெரிக்க அரசே ஒத்துக்கொண்டு நஷ்டஈடு கொடுக்கிறதே, அதை யாருமே சொல்லவில்லை?

சந்தேகப்_புள்ளி:

நஷ்டஈடு உண்மை, 1996-இலிருந்து. ஆனால் அறிவியல் குழு கொடுத்த தரம் "குறைந்த அளவு அல்லது சாடையான சான்று" என்பதுதான். 1991 சட்டத்தின்படி, அங்கே பணியில் இருந்தவருக்கு அரசு வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் உள்ள ஒன்று வந்தால், எந்தப் பீப்பாயிலிருந்து எவ்வளவு மேலே பட்டது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கு. கொள்கையாக எனக்கு அது சரியாகவே படுகிறது. அரசு தெளித்துவிட்டு ஐம்பது வருடம் கழித்து ஆதாரம் கொண்டு வா என்று கேட்க முடியாது. ஆனால் அந்த முடிவைக் காரணம் நிரூபணமானதாகக் கட்டுரையில் எழுத முடியாது. தெளிப்புக்கு அடியில் வாழ்ந்த வியட்நாம் மக்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது என்பது வேறு.

கணக்கு_கார்த்தி:

அண்ணா, ஒரே ஒரு டெக்னிக்கல் சந்தேகம். பிவட்டில் பாதிப் பேர் வேறு வியாதியில் போனார்கள் என்றீர்களே. நான் கட்டுரை டேட்டாவைப் போல ஒரு சிமுலேஷன் செய்து காட்டலாம் என்றிருந்தேன், கப்லான்-மையர் வளைவு (காலம் போகப் போக எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று காட்டும் கோடு) போட்டு, மற்றக் காரணச் சாவுகளை சென்சார் செய்து, அதாவது அந்த நாளோடு கணக்கிலிருந்து எடுத்துவிட்டு. அது சரிதானே?

சந்தேகப்_புள்ளி:

இந்த மக்கள்தொகையில் அதைச் செய்யாதீர்கள். வேறு காரணத்தால் இறந்தவரை சென்சார் செய்தால், அவர் உயிரோடு இருந்திருந்தால் மற்றவர்களைப் போலவே புரோஸ்டேட் கேன்சரில் இறந்திருக்கலாம் என்று கணக்கு நினைத்துக்கொள்ளும், 10 வருட அபாயம் நிஜத்தைவிட ஏறித் தெரியும். மற்ற வியாதிச் சாவு ஒரு குழுவில் அதிகமாக இருந்தால் அந்த ஏற்றமும் இரண்டு குழுவுக்கும் ஒரே அளவாக இருக்காது, உங்கள் ஒப்பீடே கெட்டுவிடும். நோயாளிக்குச் சொல்வதற்கான 10 வருட வாய்ப்பு வேண்டுமென்றால் போட்டிக் காரணங்களையும் (முந்திக்கொண்டு கொல்லக்கூடிய மற்ற வியாதிகள்) சேர்த்துத் திரள் நிகழ்வு வளைவு போடுங்கள்; இத்தனை வருடத்துக்குள் இந்த நோயால் நிஜமாக எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்று அது காட்டும். இனத்துக்கும் நோயின் வேகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆசை என்றால் காரணவாரியான ஹசார்டு மாடல் (அந்தந்த நேரத்தில் உயிரோடு இருப்பவர்களிடம் அந்த நோயால் சாவு வரும் வேகம்), அங்கே சென்சார் செய்வது சரி. திரள் நிகழ்வையே ஒப்பிடுகிற ஃபைன்-கிரே மாடலும் பக்கத்தில் ஓட்டி இரண்டும் எங்கே பிரிகிறது என்று ஒரு அட்டவணை வையுங்கள். சிமுலேஷனில் மற்றக் காரணச் சாவை 10 வருடத்துக்கு 20 சதவீதம் ஒரு முறை, 45 சதவீதம் ஒரு முறை என்று மாற்றி ஓட்டினால் பேராசிரியருக்கு நீங்கள் வாயைத் திறக்காமலே புரியும். ஆர் மொழியில் திரள் நிகழ்வு வளைவுக்கும் ஃபைன்-கிரேவுக்கும் "சிஎம்பிஆர்எஸ்கே" (cmprsk) பேக்கேஜ், காரணவாரியான மாடலுக்கு "சர்வைவல்" (survival) பேக்கேஜ்.